செயின் போட்ட சிட்ரோனும் பள்ளிப்பட்டு தரைப்பாலமும்: மாத்த வேண்டியது வண்டியையா, ரோட்டையா?

திருவள்ளூரில் ஒரு கார் ஆலை இருக்கிறது. ஒரு காலத்தில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அங்கே மிட்சுபிஷி லான்சர் தயாரித்தது. 90ஸ் கிட்ஸ் அப்பாக்களுக்கு அது கனவு கார். இன்று அதே இடத்திலிருந்து வெளியே வருவது சிட்ரோன். 2017-ல் சி.கே.பிர்லா குழுமத்தோடு பிரெஞ்சு நிறுவனம் கைகோத்தது, 2021-ல் முதல் மாடல் விற்பனைக்கு வந்தது. சி3, பசால்ட் என்று ரோட்டில் நீங்கள் பார்க்கும் அந்த இரட்டை அம்பு லோகோ கார்கள் எல்லாம் நம்ம மாவட்டத்துச் சரக்குதான்.

இந்த நிறுவனம் சுமார் 100 வருடத்துக்கு முன்னால் ஒரு வினோதமான வேலை பார்த்தது. தன்னுடைய சாதாரண குடும்பக் காரை எடுத்து, பின்சக்கரங்களைக் கழற்றிப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் பொக்லைனுக்கு இருப்பது மாதிரி ஒரு பட்டையை மாட்டியது. முன்னால் வழக்கமான இரண்டு டயர், பின்னால் செயின். இதற்குப் பெயர் ஹாஃப் டிராக். அந்தக் காரை வைத்து சகாராவைக் கடந்தார்கள். அப்புறம் 1931-ல் நம் நாட்டுக்கே கொண்டுவந்து, காஷ்மீரிலிருந்து இமயமலை மேலே ஏற்றினார்கள்.

இதை இப்போது ஏன் பேச வேண்டும்? அக்டோபர் வந்தாலே நம் வாட்ஸ்அப் குரூப்களில் ஒரே கேள்விதான்: "அடுத்த கார் எஸ்யூவியா எடுத்துரலாமா? கிரவுண்ட் கிளியரன்ஸ் எவ்ளோ?" ரோடு மோசமாக இருந்தால் வண்டியை மாற்றிக்கொள்வது என்கிற இந்த யோசனையை, அதன் கடைசி எல்லை வரைக்கும் கொண்டுபோய்ப் பார்த்த ஆட்கள் அவர்கள். என்ன ஆனது என்று தெரிந்துகொள்வது நமக்கு நல்லது.

ஜார் மன்னரின் கராஜில் பிறந்த ஐடியா

அடோல்ஃப் கெக்ரெஸ் என்று ஒரு பிரெஞ்சு மெக்கானிக். ரஷ்யாவுக்கு வேலை தேடிப் போய், ஜார் இரண்டாம் நிக்கோலஸின் வாகனக் கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்புக்கு வந்துவிட்டார். மன்னரிடம் உலகத்தின் மிக விலை உயர்ந்த கார்கள் இருந்தன. ஆனால் ரஷ்யப் பனியில் அவை ஒன்றும் நகரவில்லை.

டேங்குகளில் இருப்பது போல இரும்புத் தகடுகளைக் கோத்த சங்கிலி காருக்கு ரொம்ப எடை, ரொம்பச் சத்தம். கெக்ரெஸ் அதற்குப் பதில் ரப்பர் பட்டை ஒன்றைச் சுற்றினார். வளையும், எடை குறைவு, அதிர்வும் குறைவு. திசை திருப்ப முன்சக்கரம் அப்படியே இருக்கும். பனி அதிகமென்றால் அதன் கீழே சறுக்குக் கட்டையும் மாட்டிக்கொள்ளலாம். ஓட்டத் தெரிந்த யாரும் புதிதாக எதையும் கற்க வேண்டாம். ஸ்டீயரிங் அதேதான்.

புரட்சி வந்தது, மன்னர் போனார், கார்கள் இருந்தன. அடுத்து லெனின் பயன்படுத்திய ரோல்ஸ்ராய்ஸிலும் இதே கெக்ரெஸ் பட்டைதான். அந்த வண்டி இன்றும் மாஸ்கோ அருகே உள்ள கோர்க்கி லெனின்ஸ்கியே அருங்காட்சியகத்தில் நிற்கிறது. உழைக்கும் வர்க்கத்தின் தலைவர் ரோல்ஸ்ராய்ஸில் போனதைப் பற்றி மீம் போடுவதை உங்களிடம் விட்டுவிடுகிறேன்.

கெக்ரெஸ் பிரான்ஸ் திரும்பி, 1920-களின் தொடக்கத்தில் ஆந்த்ரே சிட்ரோனிடம் சேர்ந்தார். இன்னொரு சின்னத் தகவல்: இன்று 'டிசிடி கியர்பாக்ஸ்' என்று கார் கம்பெனிகள் எக்ஸ்ட்ரா காசு வாங்குகிறார்களே, அந்த இரட்டை கிளட்ச் யோசனைக்கு 1939-ல் காப்புரிமை வாங்கியவரும் இவர்தான். ஹாஃப் டிராக் காலாவதி ஆகிவிட்டது, கியர்பாக்ஸ் பிழைத்துக்கொண்டது.

சேற்றில் டயர் ஏன் புதைகிறது?

பெட்ரோல் பங்கில் "32 அடிங்கண்ணா" என்று சொல்கிறோம் இல்லையா, அதிலேயே பதில் இருக்கிறது. 32 பிஎஸ்ஐ என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 2.25 கிலோ. டயர் தரையை அழுத்துவதும் கிட்டத்தட்ட அதே அளவுதான். 1,200 கிலோ கார் என்று வைத்துக்கொண்டால் ஒரு டயருக்கு 300 கிலோ. அதை 2.25-ஆல் வகுத்தால் 133 சதுர செ.மீ. அதாவது உங்கள் கார் முழுவதும் ரோட்டைத் தொடுவது நாலே நாலு உள்ளங்கை அளவு இடத்தில். தார் ரோட்டுக்கு இது போதும். ஈர மண்ணுக்குப் போதாது. மண் தாங்காது, டயர் இறங்கும்.

இப்போது பின்பக்கம் 25 செ.மீ. அகலம், ஒரு மீட்டர் நீளம் தரையில் படுகிற இரண்டு பட்டைகள் இருப்பதாக நினைத்துப் பாருங்கள். 5,000 சதுர செ.மீ. பட்டையின் எடையையும் சேர்த்துப் பின்பாரம் 800 கிலோ என்றாலும், ஒரு சதுர செ.மீ.க்கு 0.16 கிலோதான். டயர் தந்த அழுத்தத்தில் 14-ல் ஒரு பங்கு. நீங்கள் வெறுங்காலோடு வயலில் நிற்கும்போது உங்கள் பாதம் தரும் அழுத்தத்தைவிடவே குறைவு. ஆள் நடக்க முடிகிற சேற்றில் கார் போகும். ஹாஃப் டிராக்கின் மொத்த ரகசியமும் இந்த வகுத்தல் கணக்குதான்.

ஆனால் பாதிதானே டிராக்? சிக்கலும் அங்கேதான். முன்சக்கரம் இன்னும் டயர். ஆழச் சேற்றில் நீங்கள் ஸ்டீயரிங்கைத் திருப்புகிறீர்கள், பின்னாலிருந்து பட்டை நேராகத் தள்ளுகிறது, முன்டயர் திரும்பின நிலையிலேயே சேற்றை உழுதுகொண்டு நேராகப் போகிறது. இதோடு ரப்பர் பட்டை சீக்கிரம் தேய்கிறது, பெட்ரோல் அதிகம் குடிக்கிறது, வேகமும் இல்லை. எல்லாம் தெரிந்துதான் சிட்ரோன் இறங்கினார்.

சகாராவில் ஜெயித்தது, கில்கித்தில் நின்றது

1922 டிசம்பர் 17. அல்ஜீரியாவின் துக்குர்ட் ஊரிலிருந்து ஐந்து ஹாஃப் டிராக்குகள் கிளம்பின. அடிப்படை சிட்ரோன் பி2. சுமார் 20 குதிரைத்திறன் எஞ்சின். இன்றைய 350 சிசி புல்லட்டின் சக்தி என்று சொன்னால் புரியும். சுமார் 3,200 கி.மீ. மணலைக் கடந்து 1923 ஜனவரி 7 அன்று டிம்பக்டு போய்ச் சேர்ந்தன. ஒட்டகக் கூட்டங்கள் மாதக்கணக்கில் கடந்த பாலைவனம், மூன்று வாரத்தில் முடிந்தது. அதன் பின் 1924–25-ல் ஆப்பிரிக்காவை நீளவாக்கில் கடக்கும் பயணம்.

இதெல்லாம் அறிவியல் ஆர்வத்தில் மட்டும் நடந்தது என்று நம்ப வேண்டாம். ஐஃபல் கோபுரத்திலேயே தன் பெயரை விளக்குகளால் எழுதி வைத்த ஆள் ஆந்த்ரே சிட்ரோன். அவருக்குப் பயணங்கள் விளம்பரமும்தான். கேமராமேன், ஓவியர், தொல்லியல் அறிஞர் என்று ஒரு பட்டாளமே கூடப் போனது. அந்தக் காலத்து இன்ஃப்ளூயன்சர் டிரிப். காலனிகளை இணைக்கப் பாதை பார்ப்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று என்பதையும் மறக்கக் கூடாது.

மூன்றாவது பயணம்தான் நம் விஷயம். பெய்ரூத்திலிருந்து பீகிங் வரைக்கும். தலைவர் ஜார்ஜ்-மரி ஹார்ட். சோவியத் வழியாகப் போகத் திட்டம், கடைசி நேரத்தில் அனுமதி ரத்தானது. அதனால் வழியை மாற்றி, இந்தியா வழியாக இமயமலையைத் தாண்டலாம் என்று முடிவு. 1931 ஏப்ரலில் பெய்ரூத்தில் கிளம்பி ஜூன் இறுதியில் ஸ்ரீநகர் வந்துவிட்டார்கள்.

ஸ்ரீநகரிலிருந்து கில்கித். கோவேறு கழுதைகள் போகிற ஒற்றையடிப் பாதை. நடுவே 4,000 மீட்டருக்கும் மேல் இருக்கும் புர்சில் கணவாய். எல்லாக் கார்களையும் கொண்டுபோக முடியாது என்று இரண்டை மட்டும் தேர்ந்தெடுத்தார்கள். ஒன்றின் பெயர் 'தங்க வண்டு', இன்னொன்று 'வெள்ளிப் பிறை'. ஜூலை மத்தியில் கிளம்பி ஆகஸ்ட் தொடக்கத்தில் கில்கித் போய்ச் சேர்ந்தன. மூன்று வாரத்துக்கும் மேல். சராசரி போட்டால் ஒரு நாளைக்கு 15 கி.மீ. பக்கம்.

எப்படிப் போனார்கள் என்பதுதான் சுவாரசியம். பாதை வண்டியின் அகலத்துக்குப் போதாத இடங்களில், ஆட்கள் முன்னால் போய் ஓரத்தில் கல் அடுக்கி அகலப்படுத்தினார்கள். மண் சரிந்து ஒரு வண்டி பள்ளத்துக்கு மேல் தொங்கியது, இழுத்து மீட்டார்கள். ஓரிடத்தில் பாதையே இல்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? காரைப் பிரித்து, பாகம் பாகமாகச் சுமைதூக்கிகளின் முதுகில் ஏற்றி, அந்தப் பக்கம் கொண்டுபோய் மறுபடியும் பூட்டினார்கள்.

மனிதன் போக முடியாத இடத்துக்குப் போகச் செய்த காரை, மனிதன் தூக்கிக்கொண்டு போனான். இமயமலையைக் கார் கடந்தது என்று தலைப்புச் செய்தி. உள்ளே படித்தால் காரைக் கடத்தியது உள்ளூர்க் கூலிக்காரர்கள். அவர்கள் பெயர் வண்டிகளின் பெயர் அளவுக்குக்கூட யாருக்கும் நினைவில் இல்லை.

கில்கித்துக்கு அப்பால் அதுவும் முடியவில்லை. வண்டிகளை அங்கேயே விட்டுவிட்டுக் குதிரையிலும் நடந்தும் போனார்கள். சீனப் பக்கத்திலிருந்து வந்த இன்னொரு குழுவின் கார்களில் ஏறி, 1932 பிப்ரவரியில் பீகிங் சேர்ந்தார்கள். அடுத்த மாதமே ஹாங்காங்கில் நிமோனியாவில் ஹார்ட் இறந்துபோனார். 1934 இறுதியில் சிட்ரோன் நிறுவனம் திவாலாகி மிஷலின் கைக்குப் போனது.

இன்று கில்கித் போக செயின் வேண்டாம். காரகோரம் நெடுஞ்சாலை இருக்கிறது, சாதாரண பஸ் போகிறது. ரோடு வந்த நாளில் வண்டியின் சாகசம் தேவையில்லாமல் போய்விட்டது.

ஏன் காணாமல் போனது?

உடனே காணாமல் போகவில்லை. 1931-ல் அமெரிக்க ராணுவம் ஒரு சிட்ரோன் ஹாஃப் டிராக்கை வாங்கிப் பரிசோதித்தது. அந்தக் கிளையில் வளர்ந்ததுதான் இரண்டாம் உலகப்போர் படங்களில் நீங்கள் பார்க்கும் எம்3 வகை. ஜெர்மனியும் ஆயிரக்கணக்கில் செய்தது. போருக்குப் பிறகு மளமளவென்று மறைந்தது.

கொன்றது ஜீப். நாலு சக்கரத்துக்கும் சக்தி தருகிற, மலிவான, எவரும் பழுது பார்க்கக்கூடிய வண்டி ஆறு லட்சத்துக்கும் மேல் போர்க்காலத்தில் தயாரானது. பத்தில் ஒன்பது இடத்துக்கு அது போதும். மிச்சமிருக்கும் அந்த ஒரு இடத்துக்கு முழு செயின் வண்டி இருக்கிறது. நம்ம ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் 1965-லிருந்து டேங்க் வருகிறதே, அது மாதிரி. நடுவில் நின்ற ஹாஃப் டிராக்குக்கு இடம் இல்லை.

முழுக்க இல்லை என்று சொல்ல முடியாது. வெளிநாட்டுப் பண்ணைகளில் முன்னால் டயர், பின்னால் டிராக் வைத்த டிராக்டர்கள் இப்போதும் ஓடுகின்றன. மண் இறுகாது என்பதால். நம் ஊரிலும் நெல் அறுவடைக்கு 'டயர் வண்டியா, செயின் வண்டியா' என்று விவசாயிகள் கேட்கிறார்கள். வயலில் ஈரம் இருந்தால் வாடகை கூடுதலாக இருந்தாலும் செயின் வண்டிதான். சேறடிக்கும்போது டிராக்டரின் பின்சக்கரத்தில் மாட்டும் கேஜ் வீல்கூட கெக்ரெஸின் ஏழைச் சொந்தக்காரன்தான். அதே வகுத்தல் கணக்கு, ரப்பருக்குப் பதில் இரும்புக் கம்பி. அந்தச் சக்கரத்தோடு தார் ரோட்டில் ஏறினால் ரோடு பெயரும், அதிகாரிகள் திட்டுவார்கள்.

கவனித்தீர்களா? செயின் பிழைத்திருப்பது ரோடே போடக் கூடாத இடத்தில். வயலுக்குள் யாரும் தார் போட முடியாது. அங்கே வண்டியை மாற்றுவது நியாயம். ரோடு இருக்க வேண்டிய இடத்தில் வண்டியை மாற்றச் சொல்வது வேறு கதை.

பள்ளிப்பட்டுக்கு வருவோம்

பள்ளிப்பட்டு தெரியாதவர்களுக்கு: திருவள்ளூர் மாவட்டத்தின் வடமேற்கு மூலை. 1960 ஏப்ரல் 1 வரைக்கும் ஆந்திராவில் இருந்தது, எல்லைச் சீரமைப்பில் திருத்தணியோடு சேர்ந்து நம் பக்கம் வந்தது. நகரி பக்கத்தூர். கரும்பும் நெல்லும், பொதட்டூர்பேட்டை பக்கம் போனால் தறிச் சத்தமும்.

கொசஸ்தலை ஆறு இங்கேதான் உருக்கொள்கிறது. ஆந்திரப் பக்கத்திலிருந்து லவா, குசா என்று இரண்டு ஆறுகள் வந்து சேரும். பெயரைக் கேட்டால் அமர் சித்ர கதா மாதிரி இருக்கும், மழைக்காலத்தில் அப்படி இருக்காது. மேலே கிருஷ்ணாபுரம் அணை நிரம்பித் தண்ணீர் திறந்தால், இந்தப் பக்கம் தரைப்பாலங்கள் மூழ்கும். 'நெடியம் தரைப்பாலம் மூழ்கியது', 'சாமந்தவாடா போக்குவரத்து துண்டிப்பு' என்பவை எங்கள் மாதிரி டெஸ்க்குகளில் வடகிழக்குப் பருவமழை வந்தால் தட்டச்சு செய்யப் பழகிப்போன வரிகள். 2021 நவம்பரில் ரொம்பவே மோசம்.

அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? பூண்டி ஏரிக்கு. 1944-ல் கட்டிய சத்தியமூர்த்தி சாகர். சென்னையில் நீங்கள் குழாயைத் திறந்தால் வருகிற தண்ணீரில் இதுவும் உண்டு. அவர்களுக்குப் பாலத்தை மூழ்கடிக்கிற வெள்ளம், நமக்குக் குடிநீர் இருப்பு. அதனால்தான் 'பூண்டி நிரம்பியது' என்ற செய்தி சந்தோஷச் செய்தியாகவும், 'தரைப்பாலம் மூழ்கியது' மாவட்டச் செய்தியாகவும் வெளியாகின்றன. இரண்டும் ஒரே செய்தி.

சரி, அந்தத் தரைப்பாலத்தில் ஹாஃப் டிராக் ஓடுமா? ஓடாது. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் எஸ்யூவிக்கும் பதில் அதேதான்.

ஒரு காரின் அடிப்பகுதி சுமார் 4 மீட்டர் நீளம், 1.7 மீட்டர் அகலம். தரையிலிருந்து அடித்தளம் 18 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் அதற்கும் மேல் 15 செ.மீ. ஏறினால் கார் இடம்பெயர்க்கும் தண்ணீர் ஒரு டன்னுக்கும் மேல். ஆர்க்கிமிடீஸ் சொன்னபடி அவ்வளவு எடையைத் தண்ணீர் தூக்கிக்கொள்கிறது. 1,100 கிலோ காருக்கு மிச்சம் நூறு கிலோகூட இல்லை. உள்ளே தண்ணீர் புகுவதற்குள் கார் கிட்டத்தட்ட மிதக்கிறது. மிதக்கிற வண்டிக்குப் பிடிமானம் எங்கே? டயரோ, செயினோ, நாலு வீல் டிரைவோ, எல்லாம் எடையை வைத்துத்தான் தரையைப் பிடிக்கின்றன. எடையே போய்விட்டால் பட்டை எவ்வளவு அகலமாக இருந்து என்ன பிரயோஜனம்? பக்கவாட்டில் ஓடிவருகிற தண்ணீர் மெதுவாக ஆற்றுக்குள் தள்ளிவிடும். ஓடும் நீர் ஒரு அடி இருந்தால் சிறிய காரை அடித்துப் போகும், இரண்டு அடி பெரும்பாலான வாகனங்களுக்குப் போதும் என்று அமெரிக்க வானிலைச் சேவை சொல்வதும் இதே கணக்கில்தான்.

ஆக, தேங்கிய சேற்றுக்கு உதவுகிற தொழில்நுட்பம் ஓடுகிற வெள்ளத்துக்கு உதவாது. பள்ளிப்பட்டுக்குத் தேவை உயர்மட்டப் பாலம். பாலம் வரும் வரைக்கும், அணை திறக்கும் தகவல் தண்ணீருக்கு முன்னால் ஊருக்கு வந்து சேர வேண்டும்.

வேளச்சேரி பாலத்தில் நின்ற கார்கள்

கிராமத்துக் கதை என்று நகரவாசிகள் ஸ்க்ரோல் பண்ணிப் போக வேண்டாம். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரமாகக் கார்கள் வரிசையாக நின்றன. 2015-ஐயும், 2023 டிசம்பர் மிக்ஜாமையும் பார்த்தவர்கள், ஈஎம்ஐ முடியாத காரைக் காப்பாற்ற உயரமான இடம் தேடிப் போனார்கள். அவர்கள் புத்திசாலிகள். அதேசமயம் அந்தக் காட்சியில் ஒரு ஒப்புதல் வாக்குமூலம் இருக்கிறது: என் தெருவை யாரும் சரிசெய்ய மாட்டார்கள், என் வண்டியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அந்த மனநிலைக்குத்தான் மார்க்கெட்டில் பொருள் வைத்திருக்கிறார்கள். இந்தியாவில் விற்கும் பயணிகள் வாகனங்களில் பாதிக்கும் மேல் இன்று எஸ்யூவி வகை. அதில் பெரும்பாலானவை முன்சக்கரம் மட்டும் இழுக்கிற, கொஞ்சம் உயரம் கூட்டிய கார்கள். வெளியே மலையேறுவது மாதிரி விளம்பரம், உள்ளே ஹேட்ச்பேக்கின் எலும்பு. தண்ணீரில் ஸ்டார்ட் பண்ணி எஞ்சின் போனால், தனி ஆட்-ஆன் எடுக்காதவர்களுக்கு இன்ஷூரன்ஸும் பெரும்பாலும் கிடையாது. சில லட்சம் கூடுதலாகக் கொடுத்து வாங்குவது மூன்று, நாலு செ.மீ. உயரம். ஒரு தெருவில் ஐம்பது பேர் அப்படிக் கொடுத்த பணத்தைக் கூட்டிப் பாருங்கள், மழைநீர் வடிகாலுக்கு என்ன செலவாகும் என்று கேட்கத் தோன்றும்.

காசு இல்லாதவர்? 2015-லும் 2023-லும் தண்ணீரில் சிக்கியவர்களை வெளியே கொண்டுவந்தவை மீனவர்களின் படகுகளும் டிராக்டர்களும். கில்கித் சுமைதூக்கிகள் மாதிரியே. எஸ்யூவிக்காரரையும் சேர்த்துத்தான் தூக்கினார்கள்.

அப்போ பரிசோதனையே வேண்டாமா?

வேண்டும். இங்கே நான் கொஞ்சம் வேறு பக்கம் நிற்கிறேன்.

கெக்ரெஸ் இன்று பள்ளிப்பட்டில் ஒரு லேத் பட்டறை வைத்திருந்தால் என்ன ஆகும்? ஒரு பழைய காரில் பட்டையைப் பூட்டி ரோட்டுக்கு எடுத்து வந்தால், மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி தப்பு. தயாரிப்பாளர் சொன்ன வடிவத்திலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்துவிட்டது. அதே ஆண்டு வந்த திருத்தச் சட்டத்தின்படி ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஒரு காருக்கு இரண்டு பட்டை. அதை ஒரு மாற்றமாக எண்ணுவார்களா, இரண்டாகவா என்பது ஆர்டிஓ மனசைப் பொறுத்தது.

விதி தப்பு என்று சொல்லவில்லை. கண்ட இடத்தில் வெல்டிங் வைத்த வண்டி நம் பக்கத்தில் 80-ல் போவதை நானும் விரும்பமாட்டேன். பிரேக் இல்லாத மீன்பாடி வண்டியை சென்னையில் பார்த்தவர்கள் எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். ஆனால் அதே மீன்பாடி வண்டியை இன்னொரு கண்ணால் பாருங்கள். பழைய டூவீலர் எஞ்சின், மூன்று சக்கர சைக்கிள் சட்டம், சந்து பொந்தெல்லாம் நுழைந்து சரக்கு இறக்கும் அகலம். ஒரு நிஜமான தேவைக்கு ஒரு மெக்கானிக் கண்டுபிடித்த பதில். அதைச் சோதித்து, பிரேக் வைத்து, தரப்படுத்த ஒரு இடம் இருந்திருந்தால் கதை மாறியிருக்கும். பிடிப்பதும் விடுவதுமாகவே பல வருடம் போய்விட்டது.

பலருக்கும் தெரியாத ஒன்று: அந்த 2019 திருத்தம் '2பி' என்று ஒரு பிரிவையும் சேர்த்தது. புதுமை, ஆராய்ச்சிக்காகச் சில வகை வாகனங்களுக்குச் சட்டத்திலிருந்து மத்திய அரசு விலக்கு அளிக்கலாம் என்கிறது அது. கதவு இருக்கிறது. ஆனால் அந்தக் கதவுக்குப் போகிற வழி டெல்லியிலிருந்து ஆரம்பிக்கிறது, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வெல்டிங் பண்ணுகிற ஐடிஐ பையனின் பட்டறையிலிருந்து ஆரம்பிக்கவில்லை. மாநிலத்தில் ஆட்டோமொபைல் ஆலைக்குப் பஞ்சமில்லை, ஆவடியில் டேங்க் ஆராய்ச்சி நிலையம், ஒரகடத்தில் வாகனச் சோதனை மையம் எல்லாம் இருக்கின்றன. பாலிடெக்னிக் மாணவர் ஒருவர் வயலுக்கான குட்டி ஹாஃப் டிராக் செய்தால், அதை ஒரு நாள் ஓட்டிப் பார்த்து "இதில் இது தப்பு" என்று எழுதிக் கொடுக்க இவற்றில் ஒரு ஜன்னல் திறக்கலாம். வயலுக்குள் மட்டும் ஓடும் வண்டி, வேகம் குறைவு, ரோட்டுக்கு வராது. இதற்குப் பெரிய துணிச்சல்கூடத் தேவையில்லை. பெரும்பாலானவை தோற்கும். கெக்ரெஸின் பட்டையும் தோற்றதுதான், ஆனால் அது எங்கே உதவும், எங்கே உதவாது என்பது ஓட்டிப் பார்த்ததால் தெரிந்தது.

வயலுக்கு வண்டி, ஆற்றுக்குப் பாலம். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாத அரசாங்க ஃபைல்தான் நமக்கு வேண்டும். பாலத்துக்கு டெண்டர், நிதி, நில எடுப்பு என்று வருடங்கள் ஆகும், புரிகிறது. அதுவரைக்கும் செய்ய ஒரு மலிவான வேலை இருக்கிறது: ஒவ்வொரு தரைப்பாலத்தின் இரு முனையிலும் அளவு குறியிட்ட ஒரு கம்பம். ஒரு அடியில் சிவப்புக் கோடு. இருட்டில் டூவீலரில் வேலை முடிந்து திரும்புகிறவருக்கு, பாலத்தின் மேல் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று வேறு எப்படித் தெரியும்?

தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு கிராம சபை. அதில் ஒன்று அக்டோபர் 2, வடகிழக்குப் பருவமழைக்குச் சில வாரம் முன்னால். உங்கள் சொந்த ஊர் பள்ளிப்பட்டு பக்கமோ, தரைப்பாலம் இருக்கிற வேறு எந்த ஊரோ, அன்று லீவுதான். தீர்மானப் புத்தகத்தில் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்: உயர்மட்டப் பாலம் எந்த நிலையில் இருக்கிறது என்று நெடுஞ்சாலைத் துறையிடம் எழுத்தில் கேட்பது ஒன்று, அந்தக் கம்பம் இன்னொன்று.